சொட்டுகூட விழாத திருட்டு

செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே கால். கத்திரி வெயில் உத்திரமேரூரைப் போட்டு வறுத்துக்கொண்டிருந்தது. வேதகிரி தன் வெள்ளை டாக்சியின் பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு, அதற்குள்ளேயே குதித்துவிடுவான் போல நின்றான்.

வண்டி என்று இருந்தால் தண்ணீர் ஒழுகும். ஒழுகினால் தரை நனையும். நனைந்த இடத்துக்கு மேலே பார்த்தால் ஓட்டை தெரியும். ஊரில் எல்லா வண்டிக்கும் இதுதான் நியாயம். இந்தப் பாழாய்ப்போன வண்டிக்கு மட்டும் தனி நியாயம். இன்ஜின் சூடாகாமல் இருக்க ஊற்றுகிற பச்சை நிறக் கூலன்ட், ஓடி வந்து பார்த்தால் அரை லிட்டர் குறைந்திருக்கும். தரையில் ஒரு சொட்டு இருக்காது. புகைக்குழாயில் வெள்ளைப் புகை கிடையாது. ஆயிலில் கலந்த அடையாளமும் கிடையாது. ஒன்றரை மாதமாக இதே கூத்து.

மூன்று மெக்கானிக் பார்த்தாயிற்று. முதல் ஆள் ரேடியேட்டர் மூடியை மாற்றினார். இரண்டாவது ஆள் பம்பு வைத்து அழுத்தம் ஏற்றி, அரை மணி நேரம் காத்திருந்து, "எங்கயும் லீக் இல்லப்பா" என்று கையைத் துடைத்துக்கொண்டார். மூன்றாவது ஆள், புரியாத நோய்க்கெல்லாம் வயிற்றைக் கிழிக்கச் சொல்லும் ரகம். "இன்ஜினப் பிரிச்சாதான் தெரியும். பதினஞ்சு நாளு வண்டிய வுட்டுட்டுப் போ" என்றார்.

பதினைந்து நாள்! வேதகிரிக்கு ஒரு நாள்கூடக் கட்டாது. அவன் மனைவி அம்முலு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தொரு வயது. சர்க்கரை வியாதி இரண்டு கிட்னியையும் தின்று தீர்த்துவிட்டது. செவ்வாய், வியாழன், சனி, மதியம் இரண்டு மணிக்குக் காஞ்சிபுரத்தில் டயாலிசிஸ். போன வியாழன் முடித்துக்கொண்டு திரும்பும்போது, ஓரிக்கை தாண்டிப் பாலாற்றுப் பாலத்தருகே வண்டி கொதித்து நின்றுவிட்டது. சனிக்கிழமை அந்த மூன்றாவது மெக்கானிக் வண்டியை வாங்கி வைத்துக்கொண்டு, பத்து மணிக்குத் தருகிறேன், பன்னிரண்டுக்குத் தருகிறேன் என்று சொல்லிச் சொல்லிப் பொழுது சாயத்தான் தந்தார். சனிக்கிழமை முறை போயே போய்விட்டது. ஐந்து நாளாக உடம்பில் தேங்கிய நீர் அவள் காலை வீங்க வைத்து, இப்போது மூச்சில் ஏறிக்கொண்டிருந்தது.

"ரெண்டு மணி தாண்டினா மெஷினை அடுத்தவங்களுக்குக் குடுத்துடுவோம்ணா" என்று ஆஸ்பத்திரி சிஸ்டர் காலையிலேயே போனில் சொல்லிவிட்டார். ஒரு மணிக்கு இங்கிருந்து கிளம்பியாக வேண்டும். பஸ் படியில் அவளால் காலைத் தூக்கி வைக்க முடியாது. அத்தனை தூரம் ஆட்டோவில் குலுங்கினால் உயிர் தங்காது. மூச்சு முட்டினால் ஆம்புலன்ஸ் வரும். முட்டட்டும் என்று எந்தப் புருஷன் காத்திருப்பான்?

ஸ்டாண்டில் அவனோடு நிற்கிற சாம்சனிடம் நல்ல கார் இருக்கிறது. அதைக் கேட்கும் யோக்கியதையை வேதகிரி நேற்றே தொலைத்திருந்தான். பத்து பேர் நடுவில் சாம்சனின் சட்டையைப் பிடித்து, "என் சவாரியப் புடுங்கறதுக்கு நீதான்டா தண்ணிய எறக்குற!" என்று கத்தியிருந்தான். அந்தச் சந்தேகத்தில்தான் காஞ்சிபுரத்துத் துப்பறிவாளர் தாண்டவராயனுக்கும் போன் போட்டான்.

அவர் வந்துவிட்டார். மொபெட்டில், பின் சீட்டில், குடையோடு.

தாண்டவராயன் நெசவுக் குடும்பம். பட்டில் ஜரிகை அசலா போலியா என்று முப்பது வருடம் பார்த்த கண்ணை, ஓய்வுக்குப் பிறகு கல்யாண மாப்பிள்ளைகள் மேல் திருப்பியிருந்தார். மொபெட்டை ஓட்டி வந்த சோபியா அவருடைய உதவியாளர். ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படித்தவள். ஒர்க்‌ஷாப்பில் பொம்பளைக்கு என்ன வேலை என்று கேட்டவர்களை எல்லாம் இன்றுவரை வாயாலேயே பழிவாங்கிக்கொண்டிருப்பவள்.

"இத்தினி நாளா மாப்ள தண்ணி அடிக்கிறானான்னு கண்டுபுடிச்சுக்கினு இருந்தோம். இப்ப வண்டி தண்ணி அடிக்குதான்னு பாக்க வந்துட்டோம். நல்ல முன்னேற்றம் சார்" என்றாள் ஸ்டாண்டைப் போட்டுக்கொண்டே.

தாண்டவராயன் இன்ஜின் பக்கமே போகவில்லை. நேராக அம்முலுவிடம் போனார். "இன்னாம்மா, ரொம்ப முடியலயா?"

"இல்ல... சார். நல்லாத்தான்... கீறேன்" என்றாள் அம்முலு. நாலு வார்த்தைக்கு இரண்டு தடவை மூச்சு வாங்கினாள். வேதகிரிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"சார், மணி ஓடிக்கினு கீது. அந்த சாம்சனப் புடிங்க சார். அவன் கைய முறிச்சாதான் இதுக்கு ஒரு முடிவு!"

"கைய முறிக்கறது எங்க ரேட் கார்டுலயே இல்லண்ணா" என்றாள் சோபியா. அதற்குள் ரேடியேட்டரில் விரலை விட்டு, ஆயில் குச்சியை உருவிப் பார்த்து, குனிந்து அடியிலும் எட்டிப் பார்த்துவிட்டாள். "மெக்கானிக்குங்க பொய் சொல்லல சார். வெளிய எங்கயும் கசியல. இன்ஜின் உள்ளயும் போவல."

"சரி. சாம்சனப் பாத்துட்டு வருவோம். இந்த வண்டியிலயே போலாம்" என்றார் தாண்டவராயன்.

முன் சீட்டில் ஏறுவதற்கு முன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். வேதகிரி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"தறியில செருப்போட ஏறுனா எங்க நைனா கால ஒடிச்சுடுவாரு. அந்தப் பயக்கம். எதுல ஏறுனாலும் கழட்டிடறேன்."

"பஸ்ல ஏறி ரெண்டு ஜோடி தொலைச்சிருக்காரு. அந்தக் கேஸ மட்டும் இன்னும் துப்பு துலக்கல" என்றாள் சோபியா பின் சீட்டிலிருந்து.

வண்டி தெருமுனையைத் தாண்டவில்லை. "ஆ!" என்று காலை உதறினார் தாண்டவராயன். கால் விரலிடுக்கில் செவ்வெறும்பு. இன்னொன்று கணுக்காலில். கீழே ரப்பர் மேட்டின் ஓரமாக ஒரு வரிசையே போய்க்கொண்டிருந்தது.

வேதகிரிக்கு அவமானத்தில் முகம் சுண்டிப்போயிற்று. "மன்னிச்சுக்கங்க சார். அம்முலு குந்துற எடம் அது. சொல்லவே நாக்கு கூசுது. சக்கர ஒடம்பு, கிட்னி போயிடுச்சு, இன்னமும் எனக்குத் தெரியாம இனிப்பு துன்றா சார். ஒரு மாசமா அவ காலடில எறும்பு. கேட்டா, நான் துன்னவே இல்லன்னு சாதிக்கிறா. சாமி மேல சத்தியம் பண்றா. போன வாரம் கை ஓங்கிட்டேன்."

"வூட்ல எதுனா ஆப்டுச்சா?"

"பையக் கொட்டிப் பாத்தேன். தலகாணி உறையக்கூட கழட்டிப் பாத்துட்டேன். ஒரு துண்டு காயிதம்கூட ஆப்டல."

"ரெண்டாவது திருட்டு" என்றாள் சோபியா. "உங்க வூட்ல எது போனாலும் தடயமே இல்லாமதாங்ணா போவுது."

தாண்டவராயன் சிரிக்கவில்லை. வெறுங்காலை ரப்பர் மேட்டின் மேல் வைத்து அழுத்தினார். எடுத்தார். மறுபடி அழுத்தினார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கூப்பிட்டு வந்த ஆள் எறும்போடு விளையாடுகிறாரே என்று வேதகிரிக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

ஸ்டாண்டில் சாம்சன் தன் காருக்குள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். இவர்களைப் பார்த்ததும் சடாரென்று இறங்கினான்.

"இன்னாடா, இன்னிக்கு ஆள் இட்டுனு வந்துட்டியா? சார், நீங்களே கேளுங்க. போன மாசம் அம்முலு நாலு நாளு ஆஸ்பத்திரில படுத்துங்கெடக்க சொல்ல, இவன் சவாரிய வுடக்கூடாதுன்னு இவன் வண்டிய நான்தான் ஓட்டினேன். திருவண்ணாமல போயி ரெண்டு நாளு, ஏசி ஃபுல்லு. சொட்டு கொறயல சார்! அந்த நன்றிக்குத்தான் நேத்து என் சட்டையப் புடிச்சான்."

"கொறயலயா?" தாண்டவராயன் வேதகிரியைப் பார்த்தார். "நீ எப்பவும் கொறயுதுன்ன."

"எப்பவும்தான் சார்..." என்று ஆரம்பித்த வேதகிரி நின்றான். போன புதன்கிழமை கூரத்துக்குக் கல்யாண சவாரி போய் வந்தான். அன்று குறைந்ததா? இல்லை. அதற்கு முந்தைய ஞாயிறு? இல்லை. அவன் விரல் விட்டு எண்ணினான். "செவ்வா. வியாயன். சனி."

"ஆஸ்பத்திரி போற நாளு. அன்னிக்கெல்லாம் வண்டி காஞ்சிபுரத்துல நிக்குது, சாம்சன் இங்க நிக்கிறான்" என்றார் தாண்டவராயன்.

"அப்பவும் இவர்தான்னா, உள்ள அக்காவுக்கு டயாலிசிஸ், வெளிய ரேடியேட்டருக்கு சாம்சன் அண்ணன் டயாலிசிஸ் பண்ணிக்கினு இருந்தாருன்னு சொல்லணும்" என்றாள் சோபியா.

சாம்சனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வேதகிரிக்கு வரவில்லை. சாம்சன் இல்லையென்றால் வேறு யார்? யாருமே இல்லையென்றால் இன்ஜினைத்தான் பிரிக்க வேண்டும். பதினைந்து நாள், ஆறு தடவை மெஷின். அவள் உடம்பு தாங்காது.

"போ சொல்ல கொறயுதா, வர சொல்ல கொறயுதா?" என்றார் தாண்டவராயன்.

"வர சொல்லதான். ஆஸ்பத்திரி வாசல்ல பாத்தா ஃபுல்லா இருக்கும். வூட்டாண்ட வந்து பாத்தா இல்ல."

"அதே ரோடு. அதே வண்டி. அதே ஆளுங்க. போ சொல்ல செய்யாதது எதையோ வர சொல்ல செய்யற."

"ஒண்ணுமே செய்யல சார்! ஓட்டறேன், அவ்ளோதான்!"

"இத்தினி பேரு வண்டியப் பாத்தாங்க. உன்ன யாரும் பாக்கல. காஞ்சிபுரம் ரோட்டுல திருப்புலிவனம் வரைக்கும் போ. அங்க திருப்பி, அம்முலுவ மெஷின்லேருந்து எறக்கி இட்டுனு வரமாதிரியே வூட்டுக்கு ஓட்டினு வா. ஒண்ணுகூட மாத்தாத."

"சார், மணி பன்னெண்டு!" வேதகிரி கிட்டத்தட்ட அலறினான். "அவ அங்க மூச்சு வுட முடியாம குந்தினு கீறா, நீங்க வண்டி வெளாட்டு வெளாடறீங்க!"

"அரை மணி நேரம். அதுக்கு மேல ஒரு நிமிசம் கேட்டா என்ன இங்கயே எறக்கி வுட்டுடு."

"நானும் பின்னாலயே வரேன்" என்றான் சாம்சன் சாவியைச் சுழற்றிக்கொண்டு. "என் பேரு கெட்டுக் கெடக்குது. யாரு திருடன்னு நானும் பாக்கணும்."

திருப்புலிவனத்தில் வண்டியைத் திருப்பினான் வேதகிரி. சோபியா ஒரு கண்ணை அவன் கைமேல் வைத்தபடி முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவன் நாலு ஜன்னலையும் ஏற்றினான். அம்முலுவுக்குக் காற்றுப் படக்கூடாது. ஏசியை அணைத்தான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பது தாண்டவராயன் என்பதே ஒரு நிமிடம் மறந்துபோயிற்று. நடுங்கிக்கொண்டு, போர்வைக்குள் சுருண்டு கிடக்கும் அம்முலுதான் கண்ணில் நின்றாள். அவன் கை தானாகப் போய் ஒரு குமிழைத் திருப்பியது.

"நிறுத்துங்க!" என்று கத்தினாள் சோபியா. "வண்டிய இல்ல, கைய! இப்ப இன்னா திருப்புனீங்க?"

"இதா?" வேதகிரி தன் கையையே பார்த்தான். "அவளுக்குக் குளுரும். மெஷின்லேருந்து எறங்குனா பல்லு கிட்டிக்கும், ஒடம்பு தூக்கித் தூக்கிப் போடும். அதான் இத செவப்புப் பக்கம்..."

"ஹீட்டர்!" சோபியா தலையில் கைவைத்துக்கொண்டாள். "கத்திரி வெயில்ல, உத்திரமேரூர்ல, ஒரு மனுசன் ஹீட்டர் போட்டுக்கினு சுத்தறான்! சார், இந்த ஊர்ல எந்த வண்டியிலயும் அந்தக் குமிழ் செவப்புப் பக்கம் போயிருக்காது. அது அங்க எதுக்கு கீதுன்னே முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. எந்த மெக்கானிக் அதத் தொடுவான்?"

"புரியறமாரி சொல்லும்மா" என்றார் தாண்டவராயன். அவருக்கு நெற்றியெல்லாம் வியர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது.

"டேஷ்போர்டுக்குப் பின்னால ஒரு குட்டி ரேடியேட்டர் கீது சார். ஹீட்டருக்குன்னே. குமிழு நீலத்துல இருந்தா அங்க போற குழா மூடிக்கும். செவப்புல வெச்சாதான் இன்ஜின்ல இருக்கிற கூலன்ட் அதுக்குள்ள பாயும். அந்தக் குட்டிதான் ஓட்டை. பம்பு வெச்சவரு நீலத்துல வெச்சே பாத்திருப்பாரு. ஒரு ரூம மட்டும் தொறக்காமயே வூட்ல திருடன் இல்லன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

அவள் சொல்லி முடிக்கவில்லை, முன் கண்ணாடி உள்பக்கமாக மங்கியது. வேதகிரி பழக்கத்தில் மஞ்சள் துணியை எடுத்துத் துடைத்தான். பிசுக்கென்று இழுத்தது. ஒன்றரை மாதமாகத் துடைக்கிறான். அவள் மூச்சு ஈரம் என்றுதான் இதுவரை நினைத்திருந்தான்.

"குமிழ நீலத்துல வையுங்க, எல்லா கண்ணாடியும் எறக்குங்க" என்றாள் சோபியா. "அந்த ஆவி ஒடம்புக்கு ஆவாது."

வீட்டு வாசலில் வண்டி நின்றபோது பன்னிரண்டரை. சாம்சனும் பின்னாலேயே வந்து இறங்கினான். நாற்காலியில் அம்முலு வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டு, எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

சோபியா இடது கதவைத் திறந்து ரப்பர் மேட்டைத் தூக்கினாள். அதன் கீழே ரெக்சின். ரெக்சினை ஓரத்தில் பிடித்துக் கிழித்தாள். அடியில் போட்டிருந்த கம்பளித் துணி முழுக்கப் பச்சையாக ஊறிக் கிடந்தது. அவள் ஒரு குச்சியால் அழுத்த, கூலன்ட் கொழகொழவென்று மேலே வந்தது. ஒன்றரை மாதத்துச் சரக்கு. தரையில் ஒரு சொட்டு விழாமல் அத்தனையும் அங்கேயே குந்தியிருந்தது.

"ஏறுன ஒடனே கால்ல தெரிஞ்சுது" என்றார் தாண்டவராயன். "மேட்டு மெத்து மெத்துனு அமுங்குச்சு. மத்தவங்கெல்லாம் செருப்பு போட்டுக்கினு ஏறியிருப்பாங்க."

வேதகிரி அந்தப் பச்சைத் துணியையே பார்த்தான். வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அப்ப நான்தானா சார்? என் கையாலயேவா?"

"பொண்டாட்டிக்குக் குளுருதேன்னு ஒரு குமிழ திருப்புன. அது குத்தமில்ல" என்றார் தாண்டவராயன். அவர் குரல் மாறியது. "ஆனா நீ இன்னொரு கேஸும் சொன்ன. அதுக்கும் இங்கதான் பதில் கீது. சோபியா, இந்தக் கூலன்ட் இன்னா ருசி?"

"இனிப்பு சார். ஆனா விஷம். நாக்குல வெச்சுடாதீங்க."

கிழிந்த ரெக்சினின் ஓரத்திலிருந்து எறும்புகள் வரிசையாக அந்தப் பச்சைத் துணியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. அம்முலுவின் பாதம் இருக்கும் இடம்.

வேதகிரி மெதுவாகத் தலையைத் திருப்பி அம்முலுவைப் பார்த்தான். ஓங்கிய கை எங்கேயாவது போய்த் தொலையாதா என்று இருந்தது அவனுக்கு.

"அம்மு..."

"துன்னலன்னு... சொன்னேன்ல மாமா" என்றாள் அவள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதற்கு வேண்டிய மூச்சு அவளிடம் இல்லை.

சோபியா குச்சியைக் கீழே போட்டாள். இந்தத் தடவை அவள் பேச்சில் கேலி இல்லை. "ஹீட்டருக்குப் போற ரெண்டு குழாயையும் நேரா ஒண்ணா இணைச்சுட்டா போதும்ணா. இன்ஜினப் பிரிக்க வேணாம். நான் இங்கயே இருந்து முடிச்சு வெக்கிறேன். ஆனா இந்தத் துணியெல்லாம் பிச்சுப் போட்டுக் கழுவற வரைக்கும் அக்கா இதுல குந்தக் கூடாது. இன்னிக்கு வேற வண்டிதான்."

பன்னிரண்டு நாற்பத்தைந்து. வேற வண்டி அவன் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தது. வேதகிரி சாம்சனைப் பார்த்தான். நேற்று அந்தச் சட்டையைப் பிடித்த கையைத்தான் கும்பிடவும் தூக்க வேண்டியிருந்தது.

"கைய எறக்குடா. அப்பால அயுதுக்கலாம்" என்றான் சாம்சன், தன் காரின் பின்கதவைத் திறந்துகொண்டே. "அந்தப் பக்கம் புடி. அம்முலு, மெள்ள எந்திரி. என் வண்டி ஹீட்டரு நல்லாதான் கீதான்னு வர சொல்ல பாத்துக்கலாம்."

இரண்டு பேரும் சேர்ந்து அவளைத் தூக்கி உட்கார வைத்தார்கள். வேதகிரி உள்ளே ஓடிப் போர்வையை எடுத்து வந்து, அவள் பக்கத்தில் ஏறிக்கொண்டான். வண்டி கிளம்பியது. வீங்கிய அவள் கால்களை அவன் தன் மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, "கெளம்பிட்டோம் சிஸ்டர், ரெண்டு மணிக்குள்ள வந்துடுவோம், மெஷினக் குடுத்துடாதீங்க" என்று கெஞ்சினான்.

திருப்புலிவனம் தாண்டியதும் அம்முலு பேசினாள். கண்ணை மூடியபடியே, விட்டு விட்டுப் பேசினாள்.

"ஏறுன ஒடனே... எறும்பு தெரிஞ்சா, நீ பாக்கறதுக்கு முன்னாடி... காலாலயே தேச்சுடுவேன் மாமா. பாத்தா திட்டுவியே. கடிச்சாலும்... சொல்ல மாட்டேன்."

வேதகிரி குனிந்து அவள் பாதத்தைப் பார்த்தான். விரலைச் சுற்றிச் சின்னச் சின்னதாகக் கடித்த தடிப்புகள். ஒரு மாதமாகப் பக்கத்திலேயே உட்கார்ந்து வண்டி ஓட்டியவன் கண்ணில் அது பட்டதே இல்லை. வீட்டு வாசலிலேயே ஏறியிருக்க வேண்டும், கட்டைவிரல் ஓரத்தில் ஓர் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. அதை எடுக்க அவன் கையை நீட்டினான்.

அம்முலு சட்டென்று காலைப் புடவைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டாள்.